திரும்பி வந்த கிரைண்டர்

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஐந்தே ஆண்டுகளில் நான்கு வரி விகிதங்களைப் பார்த்த சரக்கு என்ற இன்னொரு சிறப்பும் அதற்கு உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது அதற்கு 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 12. 2019 அக்டோபர் 1 முதல் 5. 2022 ஜூலை 18 முதல் 18. கல்லும் மாறவில்லை, மாவும் மாறவில்லை. பில்லில் ஒரு கட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022 ஜூன் மாதம் ஒரு பாத்திரக்கடையில் வரி நீங்கலாக 10,000 ரூபாய்க்கு ஒரு கிரைண்டர் விற்கிறது. 5 சதவீதம் வரி, 500 ரூபாய். மோட்டார் சரியில்லை என்று ஆகஸ்டில் அது கடைக்கே திரும்பி வருகிறது. கடைக்காரர் கிரெடிட் நோட் போட வேண்டும். அன்று வாங்கியது 500 ரூபாய் வரி என்பதால் திருப்ப வேண்டியதும் அதே 500தான். ஆனால் கடையின் கணினியில் ‘கிரைண்டர்’ என்ற வரிக்கு நேரே ஜூலை 18 அன்றே 18 என்று மாற்றிவிட்டார்கள். பழைய பில்லைத் தேடி எடுக்காமல் சரக்கின் பெயரை மட்டும் தட்டினால் மென்பொருள் 1,800 ரூபாய் வரி போட்டுக் கொடுத்துவிடும். வாங்காத 1,300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்ததாகக் கடையின் வரிக்கணக்கில் ஏறிவிடும். மாதம் ஒன்றென்றால் ஆடிட்டர் பிடித்துவிடுவார். சீசனில் நாற்பது திரும்பி வந்தால் அது நோட்டீஸாகத்தான் திரும்பி வரும்.

பில்லிங் மென்பொருள் விற்க வருபவர் இந்தக் கிரெடிட் நோட்டைப் போட்டுக் காட்டுவதில்லை. அவர் காட்டுவது சுலபமான பில். பொருளைத் தட்டுவார், அளவைத் தட்டுவார், அச்சு வரும், வாட்ஸ்அப்பிலும் போகும். சந்தையில் உள்ள எந்த மென்பொருளும் அந்த பில்லைச் சரியாகவே போடும். மென்பொருளுக்கும் மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு ஒழுங்கற்ற பில்களில்தான் தெரிகிறது. ஒரு கடைக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேண்டுமானால், அந்தக் கடையின் பெட்டியிலேயே கிடக்கும் கோணலான நாலைந்து பில்களை எடுத்துக்கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுச் சிறுதொழிலில் அந்தக் கோணல்கள் எங்கெங்கே வருகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

விற்பனை வரி நமக்குப் பழையது. 1939இல் ராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுகட்டும் வழியாகவும் அது இருந்தது. பிறகு 1959ஆம் ஆண்டுச் சட்டம், 2007 ஜனவரி 1 முதல் வாட். இந்தக் காலம் நெடுகிலும் பில் என்பது பெரும்பாலும் கடைக்கும் வணிகவரி அலுவலகத்துக்கும் இடைப்பட்ட சங்கதி. கணக்குப்பிள்ளை சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்தால் வேலை தீர்ந்தது. ஜி.எஸ்.டி.யில் அந்த உறவில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்துவிட்டார். பதிவு பெற்ற ஒருவருக்கு நீங்கள் போடும் பில், ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற உங்கள் விற்பனை ரிட்டர்ன் வழியாக, ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்ற அவருடைய வரவுப் பட்டியலில் போய் உட்காருகிறது. 2022 ஜனவரி 1 முதல், அங்கே வராத பில்லுக்கு அவர் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. நீங்கள் ஏற்றும் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் பணம் போவது உங்களுக்கல்ல, உங்களிடம் வாங்கியவருக்கு. அடுத்த மாதம் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். அபராதத்தைவிடச் சிறு வியாபாரி பயப்படுவது இதற்குத்தான்.

விகிதத்துக்கே வருவோம். இங்கேதான் சிக்கல் அதிகம்.

2024 செப்டம்பரில் கோவையில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொழில்துறையினரைச் சந்தித்த கூட்டத்தில், நகரின் பெயர்பெற்ற உணவகக் குழுமம் ஒன்றின் தலைவர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நகைச்சுவையாகக் குறைப்பட்டுக்கொண்டார். இனிப்புக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று ஒரே மேசைக்கு வரும் பலகாரங்களுக்குள் இருந்த வேறுபாட்டைச் சொல்லி, பில் போடுவதே பாடாக இருக்கிறது என்பது அவர் முறையீட்டின் சாரம். அதன்பின் எழுந்த அரசியல் சர்ச்சையில் அந்த முறையீடு மறைந்துபோனது. எனக்கென்னவோ அது இந்தியாவில் பில்லிங் மென்பொருள் பற்றி ஒரு பயனாளர் பொதுமேடையில் சொன்ன மிகத் துல்லியமான விமர்சனம் என்றே படுகிறது. ஓர் ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56ஆவது கூட்டம் 12, 28 என்ற இரண்டு படிகளையும் பெரும்பாலும் எடுத்துவிட்டது. செப்டம்பர் 22 முதல் காரவகை, கேக், பிஸ்கெட் எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்தன. உணவகக்காரர் சொன்ன சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்தது.

தீர்ந்த அன்றே வேறொரு சிக்கல் தொடங்கியது. செப்டம்பர் 22 காலையில் கடை திறந்தவர்களுக்குள் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினரின் மென்பொருளில், ஒவ்வொரு சரக்குக்கும் விகிதத்தோடு ‘இந்தத் தேதி முதல்’ என்றொரு கட்டமும் இருந்தது. முந்தின இரவிலேயே எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். இன்னொரு வகையினருடையதில் விகிதத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான். பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுத வேண்டும். எழுதிய நொடியிலிருந்து அந்த மென்பொருளுக்கு நேற்று என்ற ஒன்று கிடையாது. கிரைண்டர் கடைக்காரர் 2022இல் மாட்டிய இடம் இதுதான்.

சட்டத்துக்கோ நேற்று மிக முக்கியம். விகிதம் மாறும்போது எதைப் போடுவது என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 14 சொல்கிறது. சரக்கு கொடுத்தது, பில் போட்டது, பணம் வந்தது என்று மூன்று தேதிகளைப் பார்க்கச் சொல்கிறது. சரக்கு பழைய விகிதக் காலத்தில் போய், பில்லும் பணமும் புதிய காலத்தில் வந்தால் புதிய விகிதம். சரக்கும் பில்லும் முன்பே போய், பணம் மட்டும் பின்னால் வந்தால் பழைய விகிதம். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் தச்சுப்பட்டறைக்கும் ஃபேப்ரிகேஷன்காரருக்கும் இது அன்றாடப் பிரச்சினை. மென்பொருள் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘விகிதத்துக்குத் தேதி உண்டா’ என்பதே. இரண்டாவது, ‘பழைய பில்லைக் காட்டினால் கிரெடிட் நோட் அதன் விகிதத்தைத் தானே எடுத்துக்கொள்ளுமா’ என்பது. கிரெடிட் நோட்டில் மூல பில்லின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும் என்று விதி 53 கேட்பதால், பழைய பில்லோடு இணைக்காமல் வெறும் நோட் போட விடுகிற மென்பொருளை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

ஜவுளிக்கடைக்காரருக்கு இதைவிட வேடிக்கையான சோதனை ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய்க்குள் இருந்தால் ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், தாண்டினால் 18. சட்டம் பார்ப்பது தள்ளுபடி போக, வரிக்கு முந்தைய மதிப்பை. கடையில் தொங்கும் அட்டையிலோ பெரும்பாலும் வரியும் சேர்ந்த விலை. இப்போது அட்டையில் 2,700 ரூபாய் என்று எழுதி மென்பொருளிடம் கொடுங்கள். 5 சதவீதம் என்று வைத்து வரியைப் பிரித்தால் மதிப்பு 2,571 ரூபாய் சொச்சம். 2,500ஐத் தாண்டிவிட்டது, ஆகவே 18 போட வேண்டும். சரி, 18 என்று வைத்துப் பிரித்தால் மதிப்பு 2,288. அது 2,500க்குள் வந்துவிட்டது, ஆகவே 5 போட வேண்டும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கலாம். வரி சேர்ந்த விலை 2,625ஐத் தாண்டி 2,950 வரை எங்கே இருந்தாலும் இந்தச் சுழல்தான். அந்த இடைவெளியில் இரு விகிதங்களுள் எதுவும் தன்னோடு தானே ஒத்துப்போவதில்லை. கணக்கு தெரிந்த கடைக்காரர் அந்த இடைவெளியில் விலையே வைக்கமாட்டார். தெரியாத கடைக்காரருக்கு மென்பொருள் ஏதோ ஒரு விகிதத்தைத் தேர்ந்துகொடுக்கும். எதைத் தேர்கிறது என்பது அதை எழுதிய நிரலாளர் எந்த வரியை முதலில் எழுதினார் என்பதைப் பொறுத்தது. நல்ல மென்பொருள் அங்கே நின்று, ‘இந்த விலை செல்லாது, மாற்று’ என்று கேட்க வேண்டும். தீபாவளித் தள்ளுபடியில் 2,999 ரூபாய்ச் சட்டைக்குப் பத்து சதவீதம் கழித்தால் வருவது 2,699 ரூபாய் சொச்சம். அடுத்த தடவை விற்பனையாளர் வந்தால் முதலில் இந்தச் சட்டைக்கு பில் போடச் சொல்லுங்கள்.

ஊருக்கு வருவோம். ‘உள்ளூர் வரிவிதி’ என்ற பேச்சை எடுத்தால், ஜி.எஸ்.டி. நாடு முழுக்க ஒன்றுதானே என்பார்கள். ஒன்றுதான். ஆனாலும் எல்லைகள் உண்டு, அதிலும் விழுப்புரத்துக்காரருக்கு எல்லை வெகு அருகிலேயே வந்துவிடும். தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. விழுப்புரத்துக் கடை விழுப்புரத்துக்கு விற்றால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. புதுச்சேரிக் கடைக்குச் சரக்கு அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே வரி. வாங்குபவருக்கு ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதன் முதல் இரண்டு இலக்கங்களே மாநிலத்தைச் சொல்லிவிடும், மென்பொருளுக்குக் கஷ்டமில்லை. எண் இல்லாதவர் என்றால் முகவரியைத்தான் பார்க்க வேண்டும். சில மென்பொருள்கள் பின்கோடை வைத்து மாநிலத்தை ஊகிக்கின்றன. புதுச்சேரி நகரம் 605001, விழுப்புரம் 605602. காரைக்கால் 609602, மயிலாடுதுறை 609001. முதல் மூன்று இலக்கங்களை மட்டும் பார்த்து முடிவு செய்கிற மென்பொருள் இங்கே தடுமாறும். சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துண்டு நிலங்கள் இன்றும் பில் புத்தகத்தில் வேலை வைக்கின்றன.

தவறான வரியைக் கட்டிவிட்டால் மீள வழி உண்டு. சரியானதைப் புதிதாகக் கட்டி, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம், வட்டி கிடையாது என்று பிரிவு 77 சொல்கிறது. ஆனால் அதுவரை இரண்டு தடவை கட்டிய பணம் சிறு வியாபாரியின் முதல். எல்லையின் இரு பக்கமும் பதிவு வரம்பும் வேறு. சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய் வரை பதிவு வேண்டாம். புதுச்சேரியில் அது 20 லட்சம். சாலைக்கு இந்தப்புறம் பில் புத்தகமே போதுமானவருக்கு அந்தப்புறம் மென்பொருள் தேவைப்படும்.

அடுத்தது, வண்டியில் போகும் சரக்குக்கான இ-வே பில். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போவதற்கு வரம்பு ஒரு லட்சம். உள்மாநில இ-வே பில் இங்கே 2018 ஜூன் 2 அன்று தொடங்கியபோதே அரசு அப்படித்தான் வைத்தது. வடக்கே எழுதப்பட்ட மென்பொருள் ஈரோட்டிலிருந்து சேலத்துக்குப் போகும் 60,000 ரூபாய் சரக்குக்கும் இ-வே பில் கேட்டு முரண்டு பிடிக்கும். பில் போடுகிற பையன் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் பழகுவான். ஒருநாள் பாலக்காட்டுக்குப் போகும் வண்டிக்கும் அதே கைப்பழக்கத்தில் தள்ளிவிடுவான். வரம்பை நாமே மாற்றி எழுத இடமிருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

திருப்பூருக்கு இது போதாது. அங்கே துணி விற்கப்படுவதற்கு முன் ஊரெல்லாம் சுற்றுகிறது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங். ஒவ்வொன்றும் வேறு யூனிட், வேறு முதலாளி. துணி கைமாறுகிறது, ஆனால் விற்பனை நடக்கவில்லை. இதற்கு பில் கிடையாது, டெலிவரி சலான். விதி 55-இன்படி அதற்கும் தொடர் எண் வேண்டும், மூன்று பிரதி வேண்டும். இப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். வேறு மாநிலத்து ஜாப் ஒர்க்கருக்கு அனுப்பினால் மதிப்பு எதுவானாலும் இ-வே பில் உண்டு.

ஆகவே இந்த ஊரில் ஒரு மென்பொருளைச் சோதிக்கிற வழி, சலானைத் தருவித்துப் பார்ப்பதல்ல. அதை எல்லா மென்பொருளும் தரும். 500 கிலோ துணியை டையிங்குக்கு அனுப்பியதாகப் பதிந்து, முதல் நடையில் 290 கிலோ, இரண்டாம் நடையில் 185 கிலோ திரும்பியதாக ஏற்றி, மீதி 25 கிலோவை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். டையிங்கில் எடை குறைவது இயல்பு. ஐ.டி.சி-04 என்ற படிவத்தில் இழப்புக்கும் கழிவுக்கும் தனி இடமே உண்டு. அந்த 25 கிலோவை ‘இன்னும் பாக்கி’ என்று ஆண்டு முழுக்க நிறுத்தி வைக்கிற மென்பொருள், ஓராண்டு முடிந்ததும் உங்களைத் துணி விற்றவராக்கிவிடும். கடை கவுன்டருக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. அதை அவற்றின் குறையாகச் சொல்லமாட்டேன். அவை வேறு தொழிலுக்காகச் செய்யப்பட்டவை. பனியன் கம்பெனி முதலாளி மளிகைக்கடைத் தம்பியின் சிபாரிசைக் கேட்டு வாங்கியதுதான் தவறு.

பில் எண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அற்பமாகத் தோன்றும், ஆனால் ஆடிட்டர்களின் பொறுமையை மிக அதிகம் சோதிப்பது அதுதான். விதி 46 சொல்வது: தொடர் எண், 16 எழுத்துக்கு மிகாமல், எழுத்தும் எண்ணும் சிறுகோடும் சாய்கோடும் மட்டும், ஒரு நிதியாண்டுக்குள் ஒருமுறைதான். கடைப்பெயரின் மூன்று எழுத்து, சாய்கோடு, 2025-26, சாய்கோடு, ஐந்திலக்க எண் என்று அழகாக அமைத்தால் 17 வருகிறது. ஓர் எழுத்து அதிகம். ஏப்ரல் 1 காலையில் எண் ஒன்றிலிருந்து தானே தொடங்குகிறதா, இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் பில் போட்டால் ஒரே எண் இரண்டு தடவை வருகிறதா, இணையம் அறுந்தபோது போட்ட பில் என்ன எண் வாங்குகிறது என்பதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறு மென்பொருள்களை விற்கும் சிலர், ‘பில்லை டெலிட் பண்ணிக்கலாம் சார், நம்பர் தானா நகர்ந்துக்கும்’ என்பதை ஒரு வசதியாகச் சொல்லி விற்கிறார்கள். எஸ்டிமேட் என்ற பெயரில் துண்டுச்சீட்டு கொடுக்கும் பழக்கம் நம் கடைத்தெருக்களில் எவ்வளவு ஆழமானது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சந்தைக்குத்தான் இந்த வசதி. நியாய அநியாயத்தை விட்டுவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் அது மோசமான பேரம். ஜி.எஸ்.டி. விதி 56, கணக்கு மின்னணு முறையில் இருந்தால், திருத்திய அல்லது நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பேடு இருக்க வேண்டும் என்கிறது. இது தனி உரிமையாளர் நடத்தும் கடைக்கும் பொருந்தும். பிரைவேட் லிமிடெட் ஆகிவிட்ட நிறுவனத்துக்குக் கம்பெனி சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், அணைத்து வைக்க முடியாத திருத்தக் குறிப்பு உள்ள மென்பொருளைத்தான் அது பயன்படுத்த வேண்டும். தவிர ஜி.எஸ்.டி.ஆர்-1-இன் 13ஆம் அட்டவணை, எந்த எண் முதல் எந்த எண் வரை பில் போட்டீர்கள், அதில் ரத்தானவை எத்தனை என்று கேட்கிறது. 2025 மே மாதக் கணக்கிலிருந்து அதை வெற்றிடமாக விடவும் முடியாது. ரத்து செய்த பில் ‘ரத்து’ என்று முத்திரையோடு அதே எண்ணில் கிடக்க வேண்டும். அழிக்க விடாத மென்பொருளைத்தான் நம்பலாம் என்பது வாங்குபவருக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இ-இன்வாய்ஸ் பற்றிச் சுருக்கமாக. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர் அனைவருக்கும் வந்துவிட்டது. பில் விவரம் அரசின் பதிவுத் தளத்துக்குப் போய், 64 எழுத்து கொண்ட ஓர் எண்ணும் க்யூ.ஆர். கட்டமும் பெற்றுத் திரும்ப வேண்டும். வணிகருக்குப் போடும் பில்லுக்கும் ஏற்றுமதிக்கும்தான் இது. வீட்டுக்கு வாங்குபவரின் பில்லுக்கு இல்லை. இதில் பலர் கவனிக்காத ஒரு சொல் உண்டு: 2017-18 முதல் ‘ஏதேனும் ஒரு’ நிதியாண்டில். 2018-19இல் 6 கோடி பார்த்து, இப்போது 3 கோடிக்கு இறங்கிவிட்ட நிறுவனமும் இதற்குள் வரும். ஒரே பான் எண்ணில் இரண்டு தொழில் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். இன்று 4 கோடியில் இருப்பவர் மென்பொருள் வாங்கும்போது, நாளை 5ஐத் தாண்டினால் இதே மென்பொருள் அந்த வேலையைச் செய்யுமா, அதற்குத் தனிக்கட்டணமா என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது. பதிவு செய்ய வேண்டிய பில்லைப் பதியாமல் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அது பில்லே அல்ல. வாங்கியவரின் வரவு மறுபடியும் ஆபத்தில்.

எதிர்முனையில் இருப்பவர் தெருமுனைக் கடைக்காரர். ஒன்றரை கோடிக்குள் விற்றுமுதல் உள்ள வணிகர் காம்பொசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அவர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. அவர் கொடுப்பது வரி பில்லும் அல்ல, ‘பில் ஆஃப் சப்ளை’. தாம் வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்ற வாசகம் அதன் தலைப்பில் அச்சாக வேண்டும். இவருக்கு நான்கு பத்தி வரிக்கட்டங்களோடு அச்சடிக்கும் மென்பொருளை விற்றுவிட்டுப் போகிறவர் அவருக்குச் செய்வது உதவி அல்ல. உண்மையில் இவருக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவையே குறைவு. ஒன்றரை கோடிக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசமாகக் கணக்கு, பில்லிங் மென்பொருள் தர ஜி.எஸ்.டி. வலையமைப்பு நிறுவனம் 2019இல் ஏற்பாடு செய்தது. நம் ஊர்க் கடைகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

ஏன் எழுவதில்லை? தேர்வு செய்பவர் கடைக்காரர் அல்ல என்பதால். கடைக்காரரின் ஆடிட்டர் அலுவலகத்தில் டாலி ஓடுகிறது. 1986இல் தொடங்கிய அந்த பெங்களூரு நிறுவனத்தின் பெயர் நம் ஊரில் ஒரு படிப்பின் பெயராகவே ஆகிவிட்டது. ‘டாலி தெரிந்த ஆள் தேவை’ என்று சுவரொட்டி ஒட்டாத தொழிற்பேட்டை இல்லை. கடையின் பில்கள் மாதம் ஒருமுறை அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே உள்ள உதவியாளருக்கு எந்த வடிவக் கோப்பு பழக்கமோ அதைத் தரும் மென்பொருள் வெல்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதம் 11ஆம் தேதி ரிட்டர்ன் போட உட்காரும் ஆள் அவர்தான். சென்னையைச் சேர்ந்த ஜோஹோவோ வேறு எதுவோ, அதன் வசதிகளைப் பத்துப் பக்கம் படிப்பதைவிட, சோதனைப் பதிப்பில் ஒரு வாரத்து உண்மையான பில்களை ஏற்றி, வெளிவரும் கோப்பை அந்த உதவியாளரிடம் அனுப்பி, ‘இதை நீங்கள் திறந்தீர்களா, கையால் எத்தனை இடத்தில் திருத்தினீர்கள்’ என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். இவ்வளவு எழுதிய பிறகும், நான் வாங்குபவனாக இருந்தால் முதல் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான்.

தமிழில் அச்சடிப்பதும் சின்ன விஷயம் அல்ல. திரையில் தமிழ் தெரிந்தாலும், கவுன்டரில் இருக்கும் மலிவான தெர்மல் பிரின்டரில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் இருக்கலாம். அப்போது மென்பொருள் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பாதது ‘உளுத்தம்பருப்பு’ இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளை வரிசையாக நிறுத்தும். படமாக அனுப்புவது வேகத்தைக் குறைக்கும் என்பதால் நெரிசலான கடையில் அதுவும் தொல்லை. கடையின் சொந்தப் பிரின்டரிலேயே பத்து வரி பில் ஒன்றை அடித்துப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

கடைசியாக, தாள். ஒரு நிதியாண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 36. 2024 ஏப்ரலில் போட்ட பில் 2024-25ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டின் கெடு 2025 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் என்றால் 2031 டிசம்பர் 31. ஏழு ஆண்டு எட்டு மாதம். தெர்மல் தாளில் அடித்த கடைப்பிரதியில் அதற்கு வெகுநாள் முன்பே எழுத்து மறைந்துவிடும். மீதம் இருப்பது கணினியில் உள்ள பிரதி. ஆண்டுச்சந்தா கட்டும் மென்பொருளாக இருந்தால், சந்தாவை நிறுத்திய மறுநாள் அந்தப் பிரதி யாருடையது, எந்த வடிவத்தில் கைக்கு வரும், பில் பில்லாக வருமா அல்லது வெறும் பட்டியலாக வருமா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டும். விற்பனையாளரிடம் வாயால் கேட்டால் ‘வரும் சார்’ என்பார். சோதனைப் பதிப்பிலேயே அந்தப் பொத்தானை அழுத்தி, வந்த கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் திறந்து, 2022 ஜூனில் விற்ற அந்த கிரைண்டரின் பில்லைத் தேடிப் பாருங்கள். அதில் இன்னும் 5 சதவீதம் என்றே இருக்க வேண்டும்.